மாதாவின் கைக்கயிறு

மேடைக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கிடப்பவனுக்கு உலகம் காலடிச் சத்தமாகத்தான் வந்து சேரும். தலைக்கு மேலே பலகை. பலகை இடுக்குகளால் பின்னேர வெயில் கோடு கோடாக மணலில் விழும். சாம்பிராணிப் புகை அந்தக் கோடுகளுக்குள் வந்து மெல்லப் புரண்டுவிட்டுப் போகும். வெளியே ஊரே அழுதுகொண்டிருக்கும். நான் பாயில் கிடந்து மூன்று கயிறுகளைப் பிடித்துக்கொண்டு, இது எப்போது முடியும், எப்போது எழும்பிப் போய் ஒரு சுருட்டுப் பற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

நெடுந்தீவில் எங்கள் கோயில் வளவில் பெரிய வெள்ளிக்கிழமை பின்னேரம் நடக்கும் பாசுக் காட்சியைத்தான் சொல்கிறேன். ஆண்டவருடைய பாடுகளை அங்கே உடக்கு வைத்துக் காட்டுவார்கள். உடக்கு என்றால் ஆளுயரச் சொரூபம். தலையும் கைகளும் மரத்தில் செதுக்கியவை. கழுத்துக்குக் கீழே வெறும் சட்டம், அதன்மேல் துணி. தலையிலும் கைகளிலும் கட்டிய கயிறுகள் சட்டத்துக்குள்ளால் இறங்கி மேடைக்கு அடியில் வரும். காட்சியை நடத்தும் அண்ணாவியார் மேடையோரத்தில் நின்று பாடுகளை ஒப்பாரி ராகத்தில் இழுத்து இழுத்துப் பாடுவார். கீழே கிடப்பவன் அந்தந்த அடிக்கு அந்தந்தக் கயிற்றை இழுக்கவேண்டும். உட்கார்ந்த கோலத்தில் வைத்த வியாகுல மாதா தலை குனிவார். கையைத் தூக்கி லேஞ்சியால் கண்ணைத் துடைப்பார். அந்த நேரத்தில் முற்றத்தில் எழும் அழுகைக்குக் கல்லும் கரையும் என்று ஊரில் சொல்வார்கள். கல்லைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் கரையவில்லை.

எனக்கும் கடவுளுக்கும் சண்டை எதுவும் நடந்ததில்லை. அப்படி ஒன்று நடந்திருந்தால் சமாதானமாவது பேசியிருக்கலாம். சின்ன வயதில் லத்தீன் பூசையில் ஒரு சொல்லும் விளங்காமல், முழங்காலில் நின்றபடி தூங்கித் தூங்கி விழுவேன். அப்போதுகூட அவர் பக்கத்தில் இருக்கிறார் என்று தெரியும். வீட்டில் பக்கத்து அறையில் ஆள் நடமாடுவது தெரிவதுபோலத் தெரியும். வளர்ந்து, தொழிலுக்குப் போய், கல்யாணமும் கட்டின பிறகு பூசை தமிழுக்கு மாறியது. பீடத்தைப் பார்த்து நின்ற சுவாமியார் எங்களைப் பார்த்து நின்றார். எல்லாம் விளங்கியது. கடவுளைத்தான் காணவில்லை. பூசை மாறியதற்கும் இதற்கும் தொடர்பில்லை, வீண்பழி போடக்கூடாது. எங்கள் கரையில் தண்ணீர் வற்றும்போது சத்தம் போட்டுக்கொண்டா வற்றுகிறது? திரும்பிப் பார்க்கும்போது வள்ளம் சேற்றில் இருக்கும். அப்படித்தான் அவர் எப்போது விலகினார் என்று எனக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில்தான் மகளுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. அவளுக்கு அப்போது நடக்கவும் கதைக்கவும் தொடங்கிய வயது. வாடைக்காற்று அடிக்கிற மாதம். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் பிள்ளை தப்பாது என்று மருந்து கொடுத்தவர் சொல்லிவிட்டார். விடிந்ததும் விடியாததுமாக ஒரு மோட்டர் வள்ளத்தைக் கெஞ்சிப் பிடித்தோம். மனைவி வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில், சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளை என் மடியில். வள்ளம் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தச் சின்னத் தலை என் முழங்காலில் இடித்து இடித்து விழுந்தது. பாரமே இல்லாத பிள்ளை. ஆனால் அன்றைக்கு என் கால்கள் விறைத்துப்போகும் அளவுக்குப் பாரமாக இருந்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் வானம், சாம்பல் நிறத்தில் கடல், இரண்டுக்கும் நடுவே எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. "இவளைத் தாரும்" என்று கேட்டேன். வேறு ஒன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிள்ளை தப்பினாள். ஊர் முழுக்க அற்புதம் என்றது. ஆஸ்பத்திரியில் அவள் எழும்பிக் கஞ்சி கேட்ட காலையில் நான் வெளியே வந்து, கடலைப் பார்த்து நின்று நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். யாருக்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை. ஆளில்லாத வீட்டுப் படலையில் நின்று கூப்பிடுவதுபோல இருந்தது. கேட்டது கிடைக்காமல் கடவுளை விட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். கேட்டது கைக்கு வந்த பிறகும் கொடுத்தவரின் முகம் தெரியாமல் நின்றவன் நான் ஒருவன்தான் என்று எனக்குப் பட்டது. அந்த நினைப்பு வந்த இடத்தில் பயமும் வந்தது.

நாங்கள் ஊருக்குத் திரும்பி, பிள்ளை முற்றத்தில் கோழிக்குப் பின்னால் ஓடித் திரியத் தொடங்கிய பிறகு ஒருநாள் மனைவி சோறு போட்டபடியே விசயத்தைச் சொன்னாள். தான் மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்திருப்பதாகவும், பிள்ளை வளர்ந்து முதல் நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, வாங்கும் வருசம்வரை பாசுக் காட்சியில் மாதாவின் கயிற்றை நான் பிடிக்கவேண்டும் என்றும் சொன்னாள். காய்ச்சலுக்கு நேர்ந்தது என்று நானும் நினைத்தேன், ஊரும் நினைத்தது. மெழுகுதிரி ஏற்றுவதாக நேர்ந்திருக்கலாம், மொட்டை போடுவதாகக்கூட நேர்ந்திருக்கலாம். புருசனைத் தூக்கி மேடைக்கு அடியில் போடுவதாக நேர்ந்தவள் எங்கள் தீவில் இவள் ஒருத்திதான். மாதாவுக்குக் கொடுத்த வாக்கு, மறுக்க ஏலாது. அண்ணாவியாரிடம் போய்ச் சொன்னேன். முன்பு கயிறு பிடித்தவருக்கு நாரி நோவு வந்து முதுகை வளைக்க ஏலாமல்போக, அண்ணாவியாரும் ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் வருசா வருசம் படுத்தேன். தலைக்கயிறு, இடக்கைக்கயிறு, வலக்கைக்கயிறு. கடலில் வலை இழுக்கிற கைக்கு இது ஒரு வேலையே இல்லை. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, மனத்துக்கு அது கஷ்டமான இடம். மேலே மாதாவின் முகத்தைப் பார்த்து ஊர் தேம்பும். கீழே எனக்குத் தெரிவது பூச்சி அரித்த சட்டமும், துணியின் மறுபக்கத்துத் தையலும், முடிச்சும்தான். நான் இழுத்தால் மாதா அழுவார். நான் விட்டால் நிறுத்துவார். மாதாவுக்கு இவ்வளவு கிட்டே கிடக்கிறவனுக்குத்தான் மாதா இல்லை என்று நினைத்துக்கொள்வேன். முற்றத்தில் நிற்கிறவர்கள் பாவம், ஒன்றும் தெரியாமல் அழுகிறார்கள் என்றும் நினைத்ததுண்டு.

இதற்கிடையில் நான் நன்மை வாங்குவதை விட்டுவிட்டேன். பூசைக்குப் போவேன், பின்வாங்கில், கோயிலின் கடைசி இருக்கையில், இருப்பேன். எல்லாரும் எழும்பிப் பீடத்துக்குப் போகும்போது காலை ஒதுக்கி வழி விடுவேன். வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் போய்ச் சாப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு தபசுகாலத்தில் துணிந்து பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பங்குச் சுவாமியார் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். எனக்குக் கடவுள் தூரமாகப் போய்விட்டார் என்று சொன்னேன். விசுவாசம் இல்லையா என்று கேட்டார்.

"விசுவாசம் இருக்குது சுவாமி. ஆள்தான் இல்லை" என்றேன்.

தட்டிக்கு மறுபக்கமிருந்து சுவாமியார், "அது பாவமில்லை. மற்றதைச் சொல்லும்" என்றார்.

மற்றதைச் சொன்னேன். மற்றதற்கெல்லாம் மன்னிப்புக் கிடைத்தது. இதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மகள் முதல் நன்மைக்கு ஆயத்தமான வருசம் வந்தது. உயிர்த்த ஞாயிறு காலைப் பூசையில் நன்மை கொடுப்பதென்று சொல்லியிருந்தார்கள். எங்கள் கோயிலில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைக்கு ஒரு பக்கம் தாயும் மறுபக்கம் தகப்பனும் முழங்காலில் இருந்து மூவரும் சேர்ந்து வாங்குவது வழக்கம். மனைவி வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். மகள் மிசினுக்குப் பக்கத்தில் நின்று துணித்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள், சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா, நீங்களும் என்னோட நன்மை வாங்குவியள்தானே?"

மிசின் நின்றது. மனைவி தலையைத் தூக்கவில்லை. நான் வாய்க்குள் என்னவோ முனகிவிட்டு வலை பார்க்கப் போகிறவன்போலக் கரைப்பக்கம் நடந்தேன். பிள்ளையின் பக்கத்தில் முழங்காலில் இருந்து ஒரு பொய்யை விழுங்க எனக்கு மனம் வரவில்லை. பின்வாங்கில் இருந்தால் அந்த வெள்ளைச் சட்டைக்குள் அவளுடைய முகம் வாடும். அன்று பின்னேரம் கடல் கண்ணாடிபோலக் கிடந்தது. தூரத்தில் நயினாதீவு தண்ணீரில் மிதப்பதுபோல, இருப்பதுபோலவும் இல்லாததுபோலவும் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு இருட்டும்வரை கல்மதிலில் இருந்தேன். ஒரு முடிவுக்கும் வரவில்லை.

நேர்த்தியின் கடைசி வருசம் என்பதால், வேலையையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று நினைத்தேன். மாதாவின் பழைய பருத்திக் கயிறுகள் நைந்துபோயிருந்தன. அப்போது எங்கள் கரைக்கு நைலோன் வந்து எல்லாரும் அதன் புகழ் பாடிக்கொண்டிருந்த காலம். நைலோன் அறாது, உக்காது, எலி தின்னாது. நானும் புதிய நைலோன் கயிறு வாங்கி, நாங்கள் வலைக்குப் போடுகிற முடிச்சையே போட்டு இறுக்கிக் கட்டினேன். அண்ணாவியார் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, இனி இரண்டு தலைமுறைக்குப் பயமில்லை என்றார். எங்கள் இருவருக்கும் ஒன்று மட்டும் தோன்றவில்லை. அந்த முடிச்சு தண்ணீரில் நனைந்து இழுபட்டு இறுகுகிற முடிச்சு. காய்ந்த இடத்தில், அதுவும் வழுவழுப்பான புதுக் கயிற்றில், அதற்குப் பிடிமானம் இல்லை. கடலில் கிடந்தவர்களுக்குத்தான் இப்படியொரு பிழை வரும்.

பெரிய வெள்ளிக்கிழமை அன்று காற்று அசையவில்லை. கோயில் மணி கட்டிப்போட்டிருந்தது. மரப்பலகையைத் தட்டித்தான் ஆட்களைக் கூப்பிட்டார்கள். வெயில் கோடுகள் வழக்கம்போல மணலில் விழுந்தன. நான் பாயில் கிடந்தேன். பாட்டு மேலே எங்கேயோ மிதந்துகொண்டிருந்தது. ஆண்டவரைச் சிலுவையிலிருந்து இறக்கித் தாயின் மடியில் கிடத்துகிற இடம் வந்தது. அதற்கு முன் மாதா கண்ணைத் துடைக்கவேண்டும். அண்ணாவியார் அந்த அடியைப் பாடினார். நான் வலக்கைக்கயிற்றை இழுத்தேன். கயிறு பாரமில்லாமல் என் நெஞ்சில் வந்து விழுந்தது.

மேலே முடிச்சு கழன்றுவிட்டது. அண்ணாவியார் நிலைமையை ஊகித்துக்கொண்டு அதே அடியைத் திரும்பப் பாடினார். முற்றத்தில் அழுகை நின்றுபோய் ஊர் காத்திருந்தது. அந்த அமைதியில் பலகைக்கு மேலே யாரோ மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அவர் மூன்றாம் முறையும் தொடங்க, நான் தலைக்கயிற்றை விடாமல் இடக்கையில் சுற்றிக்கொண்டு, மேடைப் பலகையில் விட்டிருந்த துவாரத்தால் ஏறி, மாதாவின் உடுப்புக்குள் நுழைந்தேன். உள்ளே முழங்காலில் நிற்க மட்டும் இடம் இருந்தது. துணிக்குள்ளால் என் வலக்கையை நீட்டி அந்த மரக்கையைப் பிடித்து, மெல்ல முகத்துக்கு உயர்த்தினேன்.

அப்போதுதான் எதிரே பார்த்தேன். மாதாவின் நெஞ்சுப்பக்கத்துக் கறுப்புத் துணி மெல்லியது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு உள்ளே இருட்டு. எனக்கோ முற்றம் முழுக்கத் தெரிந்தது. கறுப்புத் துணிக்குள்ளால் வெயில் நிலவுபோல ஆகி, பூவரச மரங்களும் ஆட்களும் தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோல அசைவில்லாமல் நின்றார்கள். ஊர் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேடைக்கு ஆணி அடித்தவர் அங்கே நின்றார். மாதாவின் சட்டைக்குக் கை தைத்த பெண் நின்றாள். நாரி நோவுக்காரர் ஒரு கதிரையில் இருந்தார், என்னைவிட நீண்ட காலம் அந்தக் கயிற்றை இழுத்தவர். இது மரம் என்றும் கயிறு என்றும் அவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஒன்றும் தெரியாமல் அவர்கள் அழவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டுதான், தங்கள் தங்கள் பாரத்தைக் கொண்டுவந்து இந்த முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு நின்றார்கள். நாரி நோவுக்காரரின் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் தெரியாமல் இருந்தவன் நான்தான்.

முன்வரிசையில் மகள். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அடியில் கிடக்கிறார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், பள்ளிக்கூடத்தில் பெருமை அடித்துக்கொண்டவளே அவள்தான். இருந்தும் அவள் கண் கயிற்றைத் தேடவில்லை.

சீடர்களாக வெள்ளை உடுத்த நால்வர் ஆண்டவருடைய சொரூபத்தைத் தாங்கிக் கொண்டுவந்தார்கள். மாதாவின் மடிக்கு உள்ளே ஒரு பலகை வைத்திருக்கும். நான் அவசரத்தில் நுழைந்தபோது தோள் இடித்து அது சரிந்துவிட்டது. அவர்களுக்கு அது தெரியாது. நான் ஒரு காலை மடக்கி, முழங்காலை உயர்த்திக் கொடுத்தேன். சொரூபம் வந்து என்மேல் இறங்கியது. அந்த மரத்தலை என் முழங்காலில் மெல்ல இடித்துச் சாய்ந்தது.

எனக்கு அந்தப் பாரம் தெரியும். வாடைக்காற்றில், சாம்பல் நிறக் கடலில், நான் அதைச் சுமந்திருக்கிறேன். அதே இடத்தில், அதே முழங்காலில். அன்று வள்ளத்தில் வானத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன். மேலே ஒருவரும் இல்லைத்தான். மடியில் பிள்ளையோடு இருக்கிறவர்களின் இடத்தில் எனக்கு முன்பே ஒரு தாய் இருந்துவிட்டுப் போயிருக்கிறார். என் பாரத்தில் பாதி அன்றைக்கு அவருடைய மடியில் இருந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் நான் கரைக்கு வந்து சேர்ந்திருக்கமாட்டேன். அவர் பெற்ற மகனோ இப்போது என் முழங்காலில் தலை வைத்துக் கிடக்கிறார். தூரம் என்று இத்தனை வருசமாக நான் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தானா என்று நினைத்தேன். கண்ணீர் மூக்கோரத்தால் இறங்கி வாய்க்குள் உப்புக் கரித்தது. ஒரு கையில் தலைக்கயிறு, மறுகையில் மாதாவின் கை. என் கண்ணைத் துடைக்க எனக்குக் கை இல்லை. மாதாவின் கையை மட்டும் உயர்த்தி உயர்த்தி, லேஞ்சியால் மாதாவின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்து ஆட்கள் ஆண்டவருடைய பாதத்தை முத்தி செய்ய வரிசையில் நின்றபோது நானும் கடைசியில் போய் நின்றேன். சட்டையில் ஒட்டறை, தலையில் மரத்தூள். அண்ணாவியார் என்னைக் கண்டதும் கிட்ட வந்து, இந்த வருசம் மாதா அழுததுபோல ஒரு வருசமும் அழவில்லை என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். நைலோனைப் பற்றி இருவரும் வாயே திறக்கவில்லை.

அடுத்த நாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சொல்லவேண்டியவற்றைச் சொல்லிவிட்டு, இன்னும் ஒன்று இருக்கிறது, ஆனால் அது பாவமில்லை என்றேன். சுவாமியாருக்கு என் குரல் பிடிபட்டுவிட்டது.

"ஆள் வந்திட்டாரோ?" என்று கேட்டார்.

"இருந்தவர்தான், சுவாமி."

இந்த முறை அவர் அவசரப்படவில்லை. முழுவதையும் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

உயிர்த்த ஞாயிறு காலையில் மணிகள் எல்லாம் சேர்ந்து அடித்தன. மகள் வெள்ளைச் சட்டையோடு நடுவில். நன்மை வாங்கிக்கொண்டு அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பிறகு ஒரு கண்ணை மட்டும் கொஞ்சமாகத் திறந்து, நான் வாங்குகிறேனா என்று பார்த்தாள். வாங்கினேன். அந்த அரைக்கண் மூடியது. எனக்கு அன்றைக்கு அப்படியொரு சந்தோசம்.

அன்று பின்னேரம் மனைவி குசினியில் பலகாரச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று, நேர்த்தி முடிந்துவிட்டாலும் வருகிற வருசமும் கயிறு நான்தான் பிடிக்கப்போகிறேன் என்றேன். யார் வேண்டாம் என்றது என்று கேட்டாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, என் வலக்கையை எடுத்து, திருக்கை முள் குத்தி வளைந்த சின்னவிரலைத் தடவினாள். மாதாவின் சட்டைக்கைக்குள்ளால் அந்த விரல் வெளியே தெரிந்ததாம். பக்கத்தில் நின்றவர்களுக்கு அவள் சொல்லவில்லை.

"பிள்ளைக்கெண்டே நான் நேர்ந்தனான்?" என்றாள். "பிள்ளை எழும்பி ஓடித் திரிஞ்சாப் பிறகெல்லே நேர்ந்தனான்."

"அப்ப ஆருக்கு?"

"மாதா பிள்ளையைக் காப்பாத்துவா எண்டு வள்ளத்திலயே எனக்குத் தெரியும். உங்கட முகத்தைப் பாக்கத்தான் பயமாக் கிடந்தது. உங்களை அவவுக்குக் கிட்டக் கொண்டுபோய் விட்டால் அவ பாத்துக்கொள்ளுவா எண்டு நினைச்சன். கோயில் வாங்கில இருத்தினால் நித்திரை கொள்ளுவியள். அதுதான் கயிறு."

அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கோழி அடைக்கப் போய்விட்டாள்.

அடுத்த வருசம் நைலோனை அவிழ்த்துவிட்டுப் பருத்திக் கயிற்றையே கட்டினேன். வெயில் கோடுகளுக்குக் கீழே பாயை விரித்துப் படுத்தேன். அந்த அடி வந்தது. இழுத்தேன். மேலே மாதா கண்ணைத் துடைத்தார். கீழே நானும் துடைத்துக்கொண்டேன். இந்த முறை எனக்கு ஒரு கை மீதி இருந்தது.